வெள்ளிக் கரையிட்ட எலுமிச்சைத் தைம்
(வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கும் முறையும் நாங்கள் கற்ற பாடமும்)

ஒன்பதாம் வகுப்பு, இயற்கைக் கழக மாணவியர்

நம் பள்ளிச் சமையலறைப் படிக்கட்டில் ஏறி இறங்கியவர்கள் அனைவரும் அந்தச் சிறு தொட்டியை ஒரு முறையேனும் பார்த்திருப்பார்கள். அதில் இருந்தது ஒரு சாண் உயரம்கூட இல்லாத செடி. நெல்மணி அளவே உள்ள இலைகள். ஒவ்வோர் இலையின் நடுவிலும் பச்சை, ஓரத்திலோ பாவாடைக்குக் கரை வைத்ததுபோல் வெள்ளை. விரலால் இலேசாகத் தடவி முகர்ந்தால் எலுமிச்சம்பழத் தோலைக் கிள்ளியது போன்ற மணம் எழும்.

பல ஆண்டுகளாக அச்செடியைப் பேணி வந்தவர்கள், தோட்டப் பொறுப்பிலிருந்த அருட்சகோதரி அவர்கள். சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் மாற்றலாகிச் செல்லும்போது, அத்தொட்டியை எங்கள் கையில் கொடுத்தார்கள். "இதற்கு நிறையச் செய்ய வேண்டாம் பிள்ளைகளே, நிறையப் பாருங்கள், அது போதும்" என்று சொன்னார்கள். அன்று எங்களுக்கு அச்சொல்லின் பொருள் விளங்கவில்லை. விளங்கியபோது தாய்ச்செடி எங்கள் கையில் இல்லை. அதன் கதையையும், அதனால் நாங்கள் கற்றுக்கொண்ட வளர்ப்பு முறையையும் இக்கட்டுரையில் தருகிறோம். எங்கள் தவறு பிறருக்கு நேராதிருக்கட்டும் என்பதே எங்கள் நோக்கம்.

பெயரும் குடும்பமும்

தைம் என்பது துளசி, புதினா, கற்பூரவள்ளி ஆகியவற்றோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த செடி. இக்குடும்பத்தை லேமியேசியே என்பர். பழைய பாடநூல்களில் லேபியேட்டே என்றிருக்கும். தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால் நான்கு மூலைகள் தட்டுப்படும். இலைகள் எதிரெதிராக இணைந்து வளரும். வீட்டில் உள்ள துளசிச் செடியிலும் இவ்விரு அடையாளங்களைக் காணலாம்.

தைமின் தாயகம் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகள். அங்கே கோடையில் மழை இல்லை. மண் கல்லும் சரளையுமாக இருக்கும். அத்தகைய வறண்ட குன்றுகளில் பிறந்த செடி ஆதலால், நீரைக் காத்துக்கொள்ளும்படி அதன் இலைகள் மிகச் சிறியனவாக அமைந்துள்ளன. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால், வளர்ப்பு முறையில் பாதி தெரிந்துவிட்டது எனலாம்.

எலுமிச்சைத் தைமின் அறிவியற் பெயர் தைமஸ் சிட்ரியோடோரஸ். இரு வகைத் தைம்கள் கலந்து பிறந்த கலப்பினம் இது என்று நெடுங்காலம் எழுதி வந்தனர். மரபணு ஆய்வுகள் இக்கருத்தை ஐயுறச் செய்துள்ளன. இதில் வெள்ளை விளிம்புள்ள வகைகளும், மஞ்சள் விளிம்புள்ள வகைகளும் உண்டு. வெள்ளை விளிம்புள்ளவற்றில் 'சில்வர் குவீன்' என்பது தோட்டக்காரர்களிடையே பெயர் பெற்றது.

மணம் எங்கிருந்து வருகிறது?

சாதாரணத் தைமை முகர்ந்தால் ஓமத்தின் நினைவு வரும். அதற்குக் காரணம் உண்டு. இரண்டிலும் தைமால் என்னும் பொருள் இருக்கிறது. ஓமமோ கொத்தமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்தது, தைமுக்கு உறவே இல்லை. இருப்பினும் இரு செடிகளும் ஒரே பொருளைத் தத்தம் வழியில் உண்டாக்குகின்றன. இப்பொருளை 1719ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலார் காஸ்பர் நாய்மன் தைமிலிருந்து பிரித்தெடுத்தார்.

எலுமிச்சைத் தைமில் ஜெரானியால், சிட்ரால் போன்ற பொருள்கள் மேலோங்கி நிற்கின்றன. எலுமிச்சைப் புல்லின் மணத்துக்கும் சிட்ராலே காரணம். இவை இலையின் மேலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் தங்கியிருக்கும். நாம் தடவும்போது சுரப்பிகள் உடைந்து மணம் வெளிப்படுகிறது. வெயில் நன்றாகப் படும் செடியில் மணம் மிகுதி. நிழலில் உரமிட்டு வளர்த்த செடியோ பார்வைக்குக் கொழுகொழுவென்று இருந்தாலும் மணம் குறைந்திருக்கும்.

எங்கள் முதல் தவறு

செடி கைக்கு வந்ததும் நாங்கள் ஏழு பேரும் ஓர் அட்டவணை போட்டோம். திங்கள் ஒருத்தி, செவ்வாய் ஒருத்தி என்று நாள்தோறும் ஒருத்தி நீர் ஊற்ற வேண்டும். ஒருவரும் ஒரு நாளும் தவறவில்லை. அட்டவணையில் ஏழு கையெழுத்துகளும் ஒழுங்காக விழுந்தன. அதைக் கண்டு பெருமைப்பட்டோம்.

ஆகஸ்டு மாதத்தில், பாடத்தில் போத்து நடுதல் பற்றி வந்தபோது, எங்கள் அறிவியல் ஆசிரியை அச்செடியிலிருந்து பன்னிரண்டு போத்துகளை எடுத்து மணலில் நடச் சொன்னார். "எதற்கு டீச்சர், செடிதான் நன்றாக இருக்கிறதே?" என்று கேட்டோம். "நன்றாக இருக்கும்போதுதான் எடுக்க வேண்டும்" என்றார். ஐந்து வேர்விட்டன.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்தது. நீலகிரியில் அந்நாட்களில் வெயில் முகம் காட்டுவதே அரிது. மழை பெய்த நாளிலும் எங்கள் அட்டவணைப்படி நீர் ஊற்றப்பட்டது. ஒரு வாரத்தில் செடியின் அடிப்பகுதி கறுத்தது, இலைகள் சோர்ந்தன. சோர்ந்த செடியைக் கண்டதும் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? நீர் போதவில்லை போலும் என்றெண்ணி, காலையும் மாலையும் ஊற்றினோம்! நவம்பரில் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது, வேர்கள் பழுப்பு நிறமாகி, தொட்டவுடன் நைந்து போயின. வேருக்கும் காற்று வேண்டும். மண்ணில் உள்ள இடைவெளியெல்லாம் நீரால் நிறைந்துவிட்டால் வேர் மூச்சு முட்டி அழுகும் என்பதை அன்று கண்ணாரக் கண்டோம்.

அருட்சகோதரி அவர்களுக்குக் கடிதம் எழுத எங்களில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை. இரண்டு வாரம் கழித்து, நடந்ததை மறைக்காமல் எழுதினோம். "போத்துகள் ஐந்து இருக்கின்றன அல்லவா? அட்டவணையைக் கிழித்துவிட்டு, விரலை மண்ணில் வைத்துப் பாருங்கள்" என்று பதில் வந்தது.

வளர்க்கும் முறை

இனி, அந்த ஐந்து போத்துகளைக் கொண்டு நாங்கள் கற்ற முறையை வரிசையாகத் தருகிறோம்.

1. இடம்: நாள்தோறும் ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடம் வேண்டும். காற்றோட்டமும் வேண்டும். மழைக்காலத்தில் தொட்டியைத் தாழ்வாரத்தின் ஓரத்துக்கு, வெளிச்சம் படும் இடமாகப் பார்த்து மாற்றிவிட வேண்டும். இச்செடி குளிரைத் தாங்கும். அதற்கு ஆகாதது ஈரக் குளிர். இலையின் வெள்ளைப் பகுதி கடும் வெயிலில் கருகக்கூடும் ஆதலால், உச்சிவெயில் சுட்டெரிக்கும் இடத்தைத் தவிர்ப்பது நன்று.

2. தொட்டி: பிளாஸ்டிக் தொட்டியை விட மண் தொட்டியே சிறந்தது. அதன் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும். ஒரு சாண் வாயகலம் போதும். அடியில் துளை இருக்க வேண்டும். துளை அடைபடாதவாறு ஓர் ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து வைக்க வேண்டும். தொட்டியின் கீழ் தட்டு வைத்தால் அதில் நீர் தேங்க விடக் கூடாது.

3. மண்: தோட்டமண் ஒரு பங்கு, பருமணல் அல்லது பொடிச் சரளை ஒரு பங்கு, மக்கிய இலை உரம் அரைப் பங்கு என்று கலந்தோம். நம் மலை மண் புளிப்புத் தன்மை உடையது. தேயிலை இங்கே செழிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். தைமோ சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணை விரும்பும். ஆகவே தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி டோலமைட் தூள் சேர்த்தோம். சமவெளித் தோட்டங்களில் பெரும்பாலும் இது தேவைப்படாது. மேல்மண்ணின் மீது சிறு கூழாங்கற்களைப் பரப்பினால் மழைத்துளி தெறித்து இலையில் சேறு படியாது. தண்டின் அடியும் உலர்ந்திருக்கும்.

4. நீர்: ஆள்காட்டி விரலை முதற்கணு வரை மண்ணில் நுழைத்துப் பார்க்க வேண்டும். விரலில் ஈரம் பட்டால் நீர் ஊற்றக் கூடாது. உலர்ந்திருந்தால் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றிவிட்டு, மறுபடி உலரும்வரை காத்திருக்க வேண்டும். கோடையில் வாரம் இரண்டு அல்லது மூன்று முறை தேவைப்படலாம். மழைக்காலத்தில் பல வாரங்கள் ஒரு முறையும் தேவைப்படாமல் போகலாம். நாட்காட்டியைப் பார்த்து நீர் ஊற்றுவது தவறு.

5. உரம்: வசந்தத்தில், அதாவது மார்ச் மாத வாக்கில், ஒரு கைப்பிடி மக்கிய உரம் போதும். தழைச்சத்து மிகுந்தால் தண்டு நீண்டு துவளும், மணம் குன்றும்.

6. கத்தரித்தல்: இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த சிறு பூக்கள் கொத்தாகப் பூக்கும். தேனீக்கள் விரும்பி வரும். பூத்து முடிந்ததும் செடியில் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்துவிட வேண்டும். இலையே இல்லாத பழைய கட்டை வரை வெட்டிவிடக் கூடாது. அங்கிருந்து தளிர்ப்பது அரிது. கத்தரிக்காமல் விட்டால் நடுவில் கட்டையேறிச் செடி இரண்டாகப் பிளந்து சாயும்.

7. இனப்பெருக்கம்: பூவில்லாத இளந்தண்டை விரல் நீளத்துக்கு வெட்டி, கீழ்ப்பாதி இலைகளை நீக்கி, ஈரமணலில் நட்டு நிழலில் வைத்தால் மூன்று, நான்கு வாரங்களில் வேர்விடும். இதைவிட எளிதான வழி பதியம் போடுதல். தரையோடு சாயும் கிளை ஒன்றை வளைத்து, மண்ணில் பதித்து, அது எழும்பாதவாறு ஒரு கொண்டை ஊசியைக் குத்திவைக்க வேண்டும். நம் பள்ளியில் கொண்டை ஊசிக்குப் பஞ்சமில்லை! வேர் பிடித்தபின் தாய்ச்செடியிலிருந்து வெட்டிப் பிரிக்கலாம். மூன்று, நான்கு ஆண்டுகளுக்கொரு முறை இவ்வாறு புதுச்செடி எடுத்துக்கொள்வது நலம்.

இந்தச் செடியை விதையிலிருந்து வளர்க்க முயல வேண்டாம். விதையில் முளைப்பவை வெள்ளைக் கரையோடு வருவதில்லை. ஆகவே இவ்வகைச் செடி எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் யாரோ ஒருவர் ஒரு கிளையை வெட்டி மற்றொருவர் கையில் கொடுத்ததனால்தான் இருக்கிறது.

பச்சைக் கிளையின் கதை

இந்தக் கல்வியாண்டின் ஜூன் மாதத்தில் ஐந்து தொட்டிகளும் நன்றாகத் தழைத்திருந்தன. மூன்றாம் தொட்டியில் ஒரு கிளை மட்டும் மற்றவற்றை முந்திக்கொண்டு வளர்ந்தது. அதன் இலைகளில் வெள்ளைக் கரை இல்லை. முழுப் பச்சை. பெரிய இலைகள், தடித்த தண்டு. தாய்ச்செடியை இழந்த வருத்தத்தில் இருந்த எங்களுக்கு அக்கிளை பெரும் ஆறுதலாக இருந்தது. அதற்கு ஒரு சிவப்பு நாடாவைக் கட்டி, வாரந்தோறும் அளந்து குறித்தோம்.

செப்டம்பரில் பார்த்தபோது அத்தொட்டியில் முக்கால் பங்கு பச்சை. வெள்ளைக் கரையிட்ட கிளைகள் அதன் நிழலில் மெலிந்து கிடந்தன. எங்கள் ஆசிரியையிடம் காட்டினோம். "நாடா கட்டிய கிளையை அடியோடு வெட்டிவிடுங்கள்" என்றார். நாங்கள் திகைத்தோம். இருப்பதில் ஆரோக்கியமான கிளை அதுதானே? அதை வெட்டுவது நியாயமா? எங்களுக்குள் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. பிறகு ஆசிரியை கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினார்.

செடியின் நுனியில், புதிய இலைகளை உண்டாக்கும் ஆக்குத்திசு இருக்கிறது. அது வெங்காயத் தோல்போல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகள் கொண்டது. விளிம்பில் வெள்ளை உள்ள இத்தகைய செடிகளில் பெரும்பாலும், ஓர் அடுக்கின் செல்களுக்குப் பச்சையம் உண்டாக்கும் திறன் இல்லை. மற்றோர் அடுக்கின் செல்களுக்கு உண்டு. இலை உருவாகும்போது முதலாவது அடுக்கிலிருந்து ஓரமும், இரண்டாவதிலிருந்து நடுப்பகுதியும் அமைகின்றன. ஆகவே வெள்ளைக் கரை. ஒரே செடிக்குள் இருவகைச் செல்கள் குடியிருக்கும் இந்நிலைக்குக் கைமீரா என்று பெயர். சிங்கம், ஆடு, பாம்பு மூன்றும் ஒன்றாய்ச் சேர்ந்த கிரேக்கப் புராண விலங்கின் பெயர் அது. 1907இல் ஹான்ஸ் விங்க்ளர் என்னும் ஜெர்மானிய அறிஞர் தாவரங்களுக்கு இச்சொல்லைப் பயன்படுத்தினார். 1909இல் எர்வின் பௌர் என்பவர், வெள்ளை விளிம்புள்ள ஜெரேனியம் செடிகளை ஆராய்ந்து, அடுக்குகளின் அமைப்பே இதற்குக் காரணம் என்று விளக்கினார். நம் பள்ளியின் முன்வாசலில் உள்ள தொட்டிகளில் இருப்பதும் அந்த ஜெரேனியமே.

சில வேளைகளில் இந்த அடுக்குகளின் ஒழுங்கு குலைந்து, பச்சைச் செல்களால் மட்டுமே ஆன ஒரு மொட்டு தோன்றிவிடும். இதையே செடி 'பச்சைக்குத் திரும்புதல்' என்பர். இலை முழுவதும் பச்சையம் இருப்பதால் அக்கிளை ஒளிச்சேர்க்கை மூலம் மிகுதியான உணவைத் தயாரிக்கிறது, விரைந்து வளர்கிறது. வெள்ளைக் கரையிட்ட கிளையோ இலையின் நடுப்பகுதியைக் கொண்டு மட்டும் உணவு சமைக்க வேண்டியிருப்பதால் மெல்லவே வளர்கிறது. இரண்டும் ஒரே வேரில் நின்று போட்டியிட்டால் முடிவு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. சில ஆண்டுகளில் வெள்ளைக் கரையே இல்லாது போய்விடும். விதையாலும் அதைத் திரும்பப் பெற முடியாது. எனவே பச்சைக் கிளை தோன்றியவுடனே, அது தொடங்கும் இடத்திலேயே வெட்டிவிட வேண்டும். நுனியைக் கிள்ளினால் போதாது. அடிக்கணுவிலிருந்து மறுபடியும் பச்சையே தளிர்க்கும்.

இதற்கு மாறாக, முழு வெள்ளைத் தளிர் ஒன்றும் எப்போதாவது தோன்றுவதுண்டு. பார்வைக்கு அழகாயிருந்தாலும் அதனால் தானே உணவு சமைக்க இயலாது. அதைப் பிரித்து நட்டால் பிழைக்காது.

நாங்கள் கத்தரிக்கோலை எடுத்தோம். நாடாவைக் கட்டியவளே வெட்டினாள். ஆனால் வெட்டிய பச்சைக் கிளையை எறியவில்லை. அதைப் போத்துகளாக்கி வேறு தொட்டியில் நட்டோம். அதற்கும் அதே எலுமிச்சை மணம் உண்டு. கறிக்குப் பறிக்க அதுவே ஏற்றது. விடுதிச் சமையலறையில் இப்போது பயன்படுவது அந்தப் பச்சைத் தொட்டிதான். வெள்ளைக் கரைச் செடியும் அடுத்த இரண்டு மாதங்களில் தேறியது. இடம் பிரித்துக் கொடுத்தபின் இரண்டும் நன்றாகவே வாழ்கின்றன. ஐந்து தொட்டிகளையும் வாரம் ஒரு முறை கையிலெடுத்து, ஒவ்வொரு கிளையாகப் பார்ப்பதை இப்போது வழக்கமாக்கிக்கொண்டோம்.

சமையலில் பயன்

தண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையின் இரு விரல்களால் கீழ்நோக்கி உருவினால் இலைகள் உதிர்ந்துவிடும். எலுமிச்சை மணம் சூட்டில் விரைவில் ஆவியாகும். ஆதலால் அடுப்பிலிருந்து இறக்கும் சமயத்தில்தான் இலையைச் சேர்க்க வேண்டும். உருளைக்கிழங்கு வறுவல், மீன், கோழி, காய்கறி சூப் ஆகியவற்றுக்கு ஏற்றது. இரண்டு கிளைகளைக் குவளையில் இட்டு, வெந்நீர் ஊற்றி, ஐந்து நிமிடம் மூடி வைத்து வடிகட்டினால் மணமான பானம் கிடைக்கும். அதிகமாக இருந்தால் சிறு கட்டுகளாகக் கட்டி நிழலில் உலர்த்தி, புட்டியில் அடைத்து வைக்கலாம். கடையில் விற்கும் தைம் எண்ணெய் மிகவும் செறிவானது. அதை அப்படியே உட்கொள்ளலாகாது.

சமவெளியில் உள்ளோர்க்கு

விடுதித் தோழியர் பலர் சமவெளி ஊர்களிலிருந்து வந்தவர்கள். "எங்கள் வீட்டிலும் வளருமா?" என்று கேட்கிறார்கள். கடற்கரை ஊர்களின் வெப்பமும் புழுக்கமும் சேர்ந்த காலநிலை இச்செடிக்கு ஒவ்வாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஒருவாறு வளர்க்கலாம். கோடையைத் தாண்டுவது கடினம். அவர்களுக்கு நாங்கள் சொல்வது, கற்பூரவள்ளியில் வெள்ளை விளிம்புள்ள வகை ஒன்று உண்டு. அதுவும் இதே குடும்பம். ஓமத்தின் மணம் வீசும். வெப்பத்துக்கு அஞ்சாது. ஒரு துண்டை ஒடித்து நட்டால் போதும். அதிலும் பச்சைக் கிளை தலைதூக்கினால் என்ன செய்ய வேண்டும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

முடிவுரை

தாய்ச்செடி அழிந்தது எங்கள் கவனக்குறைவால் அன்று. ஒரு நாளும் தவறாமல் ஊற்றினோம், ஒரு நாளும் தொட்டுப் பார்க்கவில்லை. நாடா கட்டிய கிளையையும் வாரந்தோறும் அளந்தோம், அதன் பக்கத்தில் மெலிந்துகொண்டிருந்த கிளைகளை அளக்கவில்லை. நிறையச் செய்வதும் நிறையப் பார்ப்பதும் ஒன்றல்ல என்று அருட்சகோதரி அவர்கள் சொன்னதை நாங்கள் இவ்வாறே படித்துக்கொண்டோம்.

அவர்கள் இப்போது இருக்கும் இல்லத்துக்கு, ஐந்து தொட்டிகளில் சிறந்த ஒன்றைச் சென்ற மாதம் அனுப்பி வைத்தோம். மற்ற நான்கும் சமையலறைப் படிக்கட்டில் இருக்கின்றன. பெற்றோர்களும் தோழியரும் ஆண்டுவிழாவுக்கு வரும்போது கேட்டால் ஆளுக்கொரு போத்து தருவோம். அவற்றில் ஒன்றாவது உங்கள் வீட்டில் வேர் பிடிக்கட்டும். எங்கள் தொட்டிகள் என்றேனும் அழிய நேர்ந்தால், உங்கள் வாசலுக்குத்தான் நாங்கள் வந்து கேட்போம்.